இதோட நிறுத்திக்கலாமுங்க

சோம்பேறி, கஞ்சன், புளுகன், ஓசிப் பேப்பர் படிக்கிறவர் என்று மனுஷரில் எத்தனையோ ரகம் உண்டு. அத்தனை பேரையும் பார்த்து நாம் வயிறு குலுங்கச் சிரித்து முடித்துவிட்டோம். ஒரே ஒரு ரகம் மட்டும் யார் கண்ணிலும் படாமல் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கௌரவமாகத் திரிகிறது. அவரைத்தான் இன்றைக்குப் பிடித்து வந்திருக்கிறோம். அவர் பெயர் 'இதோட நிறுத்திக்கலாமுங்க'காரர்.

அவசரப்பட்டுத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். நிறுத்தவே மாட்டேன் என்று அடம் பிடிக்கிறவர் வேறு, இவர் வேறு. அடம் பிடிக்கிறவரையாவது நாலு பேர் சேர்ந்து இழுத்து உட்கார வைக்கலாம். இவர் ஒரு நாளைக்கு ஏழு தடவை தானாகவே நிறுத்துகிறவர்! போர்வெல் வண்டி அறுநூறு அடிக்கு வெறும் புழுதியாகக் கக்கிக்கொண்டிருக்க, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்று, "இன்னொரு அம்பதடி பாத்துப்போட்டு இதோட நிறுத்திக்கலாமுங்க" என்று தொள்ளாயிரம் அடி வரைக்கும் சொல்லிக்கொண்டே போகிறாரே, அவர். ஒரே ஒரு ரூம் இழுத்துக் கட்டுகிறேன் என்று ஆரம்பித்து, வாசல், கொட்டகை, துணி காயப்போடுகிற இடம், கடைசியில் செருப்பு விடுகிற இடம் வரைக்கும் கான்கிரீட் போட்டு மூடிவிட்டு, சொந்தச் செருப்பை ரோட்டில் விட்டுவிட்டு உள்ளே போகிறாரே, அவரேதான். இவர் வாயிலிருந்து 'இதோட நிறுத்திக்கலாமுங்க' என்று வந்தால், அடுத்தது ஆரம்பமாகப் போகிறது என்று பொருள். கேட்டவுடன் ஒதுங்கிக்கொள்வது நல்லது.

உதாரணத்துக்கு வெள்ளியங்கிரியை எடுத்துக்கொள்வோம். கோபித்துக்கொள்ள மாட்டார். கோயமுத்தூர்க்காரர், கோபம் வந்தாலும் 'ங்க' போட்டுக்கொண்டுதான் வரும். கணபதியில் அவருக்கு ஒரு பட்டறை. பம்புக்கு வேண்டிய புஷ் என்கிற உலோக வளையம் கடைகிற வேலை. லேத்து நான்கு இருக்கிறது, ஓடுவது இரண்டு. மூன்றாவது லேத்துக்கு பெல்ட் மாட்ட நேரமில்லை, ஏனென்றால் நான்காவது லேத்து வாங்கப் போயிருந்தார். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு.

தொண்ணூற்றாறாம் வருஷம், டிராயிங் போடுகிறேன் என்று சொல்லி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். பதினாலு இஞ்ச் கலர். திரைக்கு விபூதிப் பட்டை, நடுவில் குங்குமம், பெட்டியின் தலையில் ஒரு எலுமிச்சம்பழம், மேலே போர்த்திவைக்க மனைவி ரங்கநாயகி பூ வேலை செய்த துணி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த ரூமுக்குள் யாரும் நுழைய வேண்டும். டிராயிங்கா? கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னாலும் அவர் சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில்தான் போட்டார், வந்த பிறகும் அதில்தான் போட்டார்.

கம்ப்யூட்டரை மாட்டிக் கொடுத்தவர் இல்யாஸ். அடுத்த வீதி மாடியில் கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்துகிறவர். அவர் நல்லதை நினைத்துத்தான் அதைச் செய்தார். "சும்மா இருந்தா மவுசு கைக்குப் பழகாதுங்கண்ணா" என்று இரண்டு பிளாப்பியைப் போட்டு ஓர் ஆட்டத்தை ஏற்றிவிட்டுப் போனார். தேசம் கட்டுகிற ஆட்டம். சுட்டுத் தள்ளுகிற ஆட்டமில்லை, பதறாமல் ஆடலாம். ஒருத்தர் ஆடி முடித்து 'முடிந்தது' என்று ஒரு பொத்தானை அமுக்கினால்தான் அடுத்தவர் முறை வரும். ஒரு ஊரிலிருந்து கொஞ்சம் குடியானவர்களை வண்டியேற்றி அனுப்பினால் இன்னோர் ஊர் முளைக்கும். எட்டு ஊர் வரைக்கும் எந்தத் தொந்தரவுமில்லை. அதற்கு மேலே கட்டினால், கட்டக் கட்ட, பழைய ஊர்க்காரர்களின் முகம் ஒவ்வொன்றாகச் சுளிக்கும். திரையில் சின்னச் சின்ன மூஞ்சிகள் வரிசையாகத் தெரியும். எல்லா மூஞ்சியும் சுளித்துவிட்டால் ஊரில் கலகம். கலகம் வந்த ஊர் பக்கத்துத் தேசத்தோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். கடைசியில் யாரிடம் ஜனம் அதிகமோ அவருக்கு ஜெயம். அவ்வளவுதான் ஆட்டம். எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவனுக்கு இதில் ஒரு கஷ்டமுமில்லை.

வெள்ளியங்கிரிக்கு எங்கே நிறுத்துவது என்று நன்றாகத் தெரியும். எட்டில் நிறுத்த வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்திலும் எட்டு வந்ததும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கையை உதறிவிட்டு, இதோட நிறுத்திக்கலாம் என்று சொல்லிக்கொள்வார். அப்புறம் அவருடைய கண் மெதுவாகத் திரையின் ஓரத்துக்குப் போகும். அங்கே பச்சையாக ஒரு துண்டு பூமி, யாருமில்லாமல், சும்மா கிடக்கும்.

சும்மா கிடக்கிற பூமியைப் பார்த்துக்கொண்டு நம்ம பக்கத்து மனுஷர் ஒருத்தர் சும்மா இருந்ததாக நீங்கள் கேள்விப்பட்டதுண்டா?

அது போகட்டும், பூமி ஆசையாவது போனால் போகிறது என்று விடலாம். ஊருக்குப் பெயர் வைத்தாரே, அங்கேதான் வசமாக மாட்டிக்கொண்டார். முதல் ஊருக்குக் கணபதி என்று வைத்தார், சரி. இரண்டாவதற்குப் பெரியப்பா மகன் பொங்கியண்ணன் நினைவுக்கு வர, மரியாதையாக 'பொங்கியண்ணன்புரம்' என்று வைத்துவிட்டார். வைத்த கையோடு பகீர் என்றது. பொங்கியண்ணனுக்கு ஒரு ஊர் இருந்து அவர் தம்பிக்கு இல்லையென்றால் நன்றாயிருக்குமா? நாளைக்கு மூன்றாம் மனுஷர் சொல்லி அவர் காதுக்குப் போனால்? அந்தத் தம்பி கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்பது வேறு விஷயம். தம்பிக்கு ஒரு ஊர். தம்பிக்கு வைத்தபின் மனைவியின் அண்ணன் மச்சாண்டாருக்கு இல்லையென்றால் ரங்கநாயகி வீட்டாரைக் குறைவாக நினைத்ததாகும். அந்தப் பக்கம் மூன்று. இந்தப் பக்கத்துப் பங்காளிகள் ஏழு. ஆக, சொந்தபந்தம் என்கிற ஒறம்பரை முறை பார்த்து ஊர் கட்டிக்கொண்டே போனார் மனுஷர்.

ஒருநாள் அவர் திரையில் மஞ்சளாகத் தெரிந்த இடத்தில் வண்டியை நிறுத்தியதைப் பார்த்து இல்யாஸ் பதறிப்போனார்.

"அண்ணா, அது பாலைவனமுங்க. அங்க ஒரு புல்லு மொளைக்காது."

"போர்வெல் போட்டா தண்ணி வந்துருமுங்க தம்பி. அன்னூர்ப் பக்கமெல்லாம் இதவிட மோசமாக் கெடந்ததுதான்."

"இந்த ஆட்டத்துல போர்வெல்லே கெடையாதுங்கண்ணா!"

"ஊருன்னு ஒண்ணு வந்துட்டா எல்லாந் தானா வருமுங்க. இது ஒண்ணு. இதோட நிறுத்திக்கலாம்."

இல்யாஸ் பாவம், தலையில் அடித்துக்கொள்ளக்கூட மரியாதை இடம் கொடுக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இந்த நிலைமையில்தான் ரங்கநாயகி ஒரு காரியம் செய்திருந்தாள். மத்தியான நேரங்களில் இல்யாஸின் கிளாஸுக்குப் போய், ஆறு மாதம் ஒழுங்காகப் படித்து, கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை டைப் செட்டிங் செய்யப் பழகிவிட்டாள். எதிர் வீட்டுப் பங்காரம்மா தன் மகள் கல்யாணப் பத்திரிகையை அவளிடமே ஒப்படைத்தாள். அதுதான் ரங்கநாயகிக்கு முதல் வேலை. திங்கட்கிழமை காலையில் பிரஸ்ஸுக்குப் போயாக வேண்டும். இதை ஒழுங்காகச் செய்தால் வீதியில் இன்னும் நாலு கல்யாணம் காத்திருந்தது. சொதப்பினால் பெயர் கெட்டது. ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார இடம் வேண்டுமே?

"ஏனுங்க, ஒரு ரெண்டு நாளைக்கு விடுங்க."

"நடுவுல விட்டா ஊரெல்லாம் அனாதையாப் போயிருமம்மணி. இன்னும் ஒரே ஒரு ஊரு. முடிச்சுப்போட்டு எந்திரிச்சறேன்."

இந்த 'ஒரே ஒரு ஊரு' பேச்சை அவள் மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் போட்டுப் பிரயோசனமில்லை என்று பதினாறு வருஷக் குடித்தனம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்படின்னா என்னையுஞ் சேத்திக்குங்க. ரெண்டு பேரும் ஆடலாமுன்னு இல்யாஸ் தம்பி சொல்லுச்சு. நூறு சுத்து. நாளைக்கு விளக்கு வெக்கறதுக்குள்ள முடியோணும். நான் ஜெயிச்சா கம்ப்யூட்டர் முன் ரூமுக்கு வந்துரும், எனக்கு. நீங்க ஜெயிச்சா, பங்காரம்மாகிட்ட முடியாதுன்னு சொல்லிப்போடறேன். இனி எம்பட வாயில பத்திரிகைங்கற பேச்சே வராது."

வெள்ளியங்கிரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இத்தனை ஆட்டம் ஆடிய கை! இவள் மவுசைப் பிடித்தே ஆறு மாதம்தான் ஆகிறது. போனால் போகிறது, தோற்றபின் ஆறுதலாக ஒரு சேலை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று மனசுக்குள்ளேயே நிறத்தைக்கூட முடிவு செய்துவிட்டார். நடுவராக இல்யாஸைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் ஆட்டம் தொடங்கியது.

ரங்கநாயகி ஆறு ஊர் கட்டினாள். ஆறோடு வண்டிகளை நிறுத்திவிட்டாள். அப்புறம் ஒவ்வொரு முறையும் ஆறு ஊரையும் திறந்து பார்ப்பாள். எந்த மூஞ்சி வாடியிருக்கிறது என்று பார்த்து இங்கே ஒரு கிணறு, அங்கே ஒரு சந்தை, இன்னோர் இடத்தில் ஒரு கோயில் கட்டுவாள். பொத்தானை அமுக்கிவிட்டு எழுந்து போய்விடுவாள்.

அவர்? நாற்பதாவது சுற்றிலேயே, வழக்கமான அதே பெயர்களோடு, பன்னிரண்டு ஊர்.

"அண்ணா, எட்டத் தாண்டிட்டீங்க. கொஞ்சம் பழைய ஊரத் தெறந்து பாருங்க" என்றார் இல்யாஸ்.

"ஆமாங்க தம்பி, இதோட நிறுத்திக்கலாம். ஆனா பன்னெண்டு ரெட்டப்படையா இருக்குதுங்களே. நல்ல காரியத்த ஒத்தப்படையில நிறுத்தோணும்." பதிமூன்று ஆயிற்று. பதிமூன்றைப் பார்த்ததும் அது ராசியில்லாத நம்பர் என்று ஞாபகம் வந்தது. பதினாலு. பதினாலாவது ஊர் ஓரமாகத் தனியாக நின்றது. அதற்குக் காவலாகப் பக்கத்தில் ஒன்று வேண்டாமா? அந்தக் காவல் ஊருக்குக் காவல்? இப்படியாக ஒவ்வோர் ஊரும் அடுத்த ஊருக்கு ஒரு நியாயத்தைக் கையில் பிடித்துக்கொண்டே பிறந்தது. நியாயமில்லாமல் ஒரு ஊர்கூட அவர் கட்டவில்லை என்பதை நாம் ஒத்துக்கொண்டாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபத்தாறு. இப்போது அவருடைய ஒரு முறை முடிய அரை மணி நேரம் ஆனது. அந்த ஒரு முறைக்குள் ரங்கநாயகி சோறு வடித்து, கொள்ளுப் பருப்பு கடைந்து, பங்காரம்மாவின் விலாசப் பட்டியலைச் சரிபார்த்து, தலை பின்னிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவருக்கு முதுகு விண்விண் என்றது. எந்த ஊர் எங்கே என்று அவருக்கே மறந்துவிட்டது. கணபதியை அவர் திறந்து பார்த்து அறுபது சுற்று ஆகியிருந்தது. ஆனாலும் ஜனத்தொகையில் அவர்தான் முன்னால் இருந்தார். அவள் பக்கம் நூறு பேர் என்றால் இவர் பக்கம் நூற்றெண்பது.

"ஆறே ஆறு ஊரு! இது தேசமா அம்மணி? எங்க பட்டறை டீக்கடையிலயே இதவிட ஜனம் அதிகமா நிக்கும்."

ரங்கநாயகி மிச்சச் சுற்றை எண்ணிப் பார்த்தாள். எட்டே சுற்று பாக்கி. எட்டு முடிந்தால் எதிர் வீட்டுக்குப் போய் முடியாதுங்க என்று சொல்ல வேண்டும். ஆறு மாதம் படி ஏறி இறங்கியது அத்தனையும் வீண்.

தொண்ணூற்றிரண்டாம் சுற்று. வெள்ளியங்கிரியிடம் முப்பது ஊர். கையைக் கட்டிக்கொண்டு பொத்தானை மட்டும் அமுக்கிக்கொண்டிருந்தால் போதும், ஜெயித்துவிடலாம். அவருக்கும் அது தெரிந்தது. நாற்காலியில் சாய்ந்தார். கையை உதறினார். "இதோட நிறுத்திக்கலாமுங்க தம்பி" என்றார்.

கண் திரையில் மேய்ந்தது. அவர் தேசத்துக்கும் அவள் தேசத்துக்கும் நடுவே, வரப்பு மாதிரி, ஒரே ஒரு கட்டம். ஒரு ஊர் கொள்கிற இடம். சும்மா கிடந்தது.

தோட்டத்தில் வரப்புச் சீவுகிற மனுஷனைப் பார்த்திருப்பீர்கள். நாலு விரல் அகலம் அடுத்தவன் நிலத்தைத் தன் பக்கம் தள்ளிக்கொள்ளாமல் அவனால் மண்வெட்டியைக் கீழே வைக்க முடியாது. விளைச்சலுக்காக அல்ல. அது அங்கே இருக்கிறது, அவ்வளவுதான்! வெள்ளியங்கிரியின் கை மவுசுக்குப் போனது. வண்டிக்கு ஆள் வேண்டும். மற்ற ஊரில் எங்கும் அனுப்ப ஆளில்லை. கணபதியிலிருந்து பிடுங்கினார். முப்பத்தோராவது ஊர் எழுந்தது. இன்னொரு தூரத்துப் பங்காளியின் பெயர் சூட்டப்பட்டது.

அடுத்த சுற்றில் திரையில் வரிசையாக எழுத்து ஓட ஆரம்பித்தது.

"என்னமோ சிவப்பா வருதுங்களே தம்பி?"

"கலகமுங்கண்ணா."

"எந்த ஊர்ல?"

இல்யாஸ் எண்ணிப் பார்த்துவிட்டு, "எந்த ஊர்ல இல்லைன்னு கேளுங்க" என்றார்.

முதலில் போனது பொங்கியண்ணன்புரம். சோறு தண்ணியில்லாமல் சுளித்த மூஞ்சியோடு கிடந்த ஜனம், பக்கத்திலேயே கிணறும் சந்தையும் கோயிலுமாகச் சிரித்துக்கொண்டிருந்த ரங்கநாயகி தேசத்தோடு போய்ச் சேர்ந்தது. வெள்ளியங்கிரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொங்கியண்ணனா? எனக்கா? இத்தனை பங்காளிகளில் முதல் மரியாதை உங்களுக்குத்தானே செய்தேன்! அவருக்கு மனசு ஆறவில்லை. மறு வாரம் சோமனூரில் ஒரு கல்யாணத்தில் நிஜப் பொங்கியண்ணனைக் கண்டபோது வெள்ளியங்கிரி 'வாங்க' என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு பாவமும் அறியாத அந்த மனுஷர், தான் என்ன தப்புச் செய்தோம் என்று இன்னமும் வெசனப்பட்டுக்கொண்டிருக்கிறார்.

தம்பி ஊர் போயிற்று. மச்சாண்டார்கள் மூன்று பேரும் ஒரே சுற்றில், பேசிவைத்த மாதிரி, தங்கை பக்கம் போய்விட்டார்கள். ரங்கநாயகி ஒரு அம்பு எய்யவில்லை, ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. வருகிற ஊரையெல்லாம் உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள். தொண்ணூற்றொன்பதாம் சுற்றில் இல்யாஸ் மெதுவாகச் சொன்னார்: "அண்ணா... கணபதியும் அக்கா பக்கம் போயிருச்சுங்க."

கடைசியில் அவருக்கு மிஞ்சியது, இந்த ஆட்டத்திலும் விடாமல் கட்டியிருந்த மஞ்சள் பாலைவனத்து ஊர் ஒன்றுதான். கலகம் செய்யக்கூட அங்கே ஆள் போதவில்லை. ஒரே ஒருத்தன் இருந்தான். அவனும் போர்வெல் வண்டி வருமென்று காத்திருந்திருப்பான்.

ரங்கநாயகிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சட்டென்று துடைத்துக்கொண்டு, "ஏனுங்க, அந்த எலுமிச்சம்பழத்த எடுத்து வெச்சுக்குங்க. நான் ஒயரக் கழட்டறேன்" என்றாள்.

அன்றைக்குச் சாயந்திரமே பங்காரம்மா பெயர்ப் பட்டியலோடு முன் ரூமுக்கு வந்துவிட்டாள். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற வரிக்குக் கீழே அறுபத்து நாலு பெயர். போட்டாயிற்று. "இன்னும் ரெண்டே பேரம்மா. விட்டா வீட்டுக்கே வரமாட்டாங்க" என்றாள் பங்காரம்மா. அந்த இரண்டு பேருக்கு அண்ணன் தம்பி நாலு பேர் என்பது ரங்கநாயகிக்குத் தெரியாதா? "பொறுங்கக்கா" என்று கடைசியில் ஒரு வரி அடித்தாள்: 'மற்றும் சுற்றமும் நட்பும்.' "எல்லாரும் இதுக்குள்ள அடக்கமுங்க. இனி ஒருத்தரும் கோவிச்சுக்க முடியாது." பங்காரம்மா படித்துப் பார்த்துத் தலையாட்டினாள். கதவோரம் நின்ற வெள்ளியங்கிரி வாயைப் பிளந்தார். முப்பத்தோரு ஊர் கட்டியும் அடங்காத ஒறம்பரை ஒற்றை வரியில் அடங்கிப் போயிற்று! இப்படி ஒரு வரி இருக்கிறதென்று ஒருத்தரும் தனக்குச் சொல்லவில்லையே என்று அவருக்கு ஆத்திரமாகவும் வந்தது.

திங்கட்கிழமை பத்திரிகை பிரஸ்ஸுக்குப் போனது. ஆவணிக்குள் ரங்கநாயகிக்கு ஒன்பது கல்யாணம், இரண்டு காதுகுத்து.

ஆகவே வெள்ளியங்கிரி திருந்திவிட்டார் என்று எழுதி முடித்தால் உங்களுக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் பாருங்கள், தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் ரங்கநாயகி சந்தைக்குப் போய்த் திரும்பினால், வாசலில் பெயிண்டர் ஏணி போட்டு நிற்கிறார். மேலே புது போர்டு: 'ரங்கநாயகி கிராபிக்ஸ். கிளைகள்: சூலூர், சோமனூர்.'

"ஏனுங்க, சூலூர்ல நமக்கு எங்க கிளை இருக்குது?"

"போர்டு வெச்சுட்டா கிளை தானா வருமம்மணி. ரெண்டே ரெண்டுதான். இதோட நிறுத்திக்கலாம்."

ரங்கநாயகி காய்கறிப் பையைக் கீழே வைத்தாள். பெயிண்டரை அண்ணாந்து பார்த்து, "அந்தக் கீழ் வரிய அழிச்சுப்போட்டு நான் சொல்றத எழுதுங்க" என்றாள். இன்றைக்கும் கணபதிப் பக்கம் போனால் நீங்கள் பார்க்கலாம், சிவப்பு எழுத்தில் பளிச்சென்று இருக்கிறது: 'எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் கிடையாது.' வெள்ளியங்கிரி தினமும் காலையில் எதிரே நின்று அதைப் படிக்கிறார். படித்துவிட்டு, எழுத்துக்குக் கீழே நாலு விரல் அகலம் வெள்ளையாகச் சும்மா கிடக்கிறதே என்று பெருமூச்சு விடுகிறார்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. நான் அப்படியில்லையப்பா, எனக்கு அளவு தெரியும் என்றுகூடச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். இருக்கட்டும். ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு இதோடு நிறுத்திக்கொள்ளலாம். போன முகூர்த்தத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது பரிமாறுகிறவர் பாயசத்தோடு மூன்றாம் தடவை வந்தாரல்லவா, "போதுங்க, போதுங்க" என்று இலைக்குக் குறுக்கே கையை நீட்டினீர்கள். விரல்களைச் சேர்த்து நீட்டினீர்களா, அகட்டி நீட்டினீர்களா?

பாயசம் எந்த வழியாக இலைக்குப் போயிற்று என்று யோசித்துச் சொல்லுங்கள்.